வெள்ளியைப் பின்தொடர்வது எப்படி? ஒரு முழுச் சுற்றுக்கான வழிகாட்டி

நிலாவுக்கு அடுத்து இரவு வானில் மிகப் பிரகாசமாகத் தெரிவது வெள்ளி. அதைப் பார்க்காதவர் என்று யாருமில்லை. தொடர்ந்து பார்த்தவர்கள்தான் மிகக் குறைவு. மேற்கே பளிச்சென்று ஒன்று நிற்கும். "அது விமானமா, டிரோனா?" என்று யாராவது கேட்பார்கள். "வெள்ளி" என்று இன்னொருவர் சொல்வார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதற்காகவே இந்த வழிகாட்டி. ஒருநாள் பார்த்தால் வெள்ளி வெறும் புள்ளிதான். சில மாதங்கள் விடாமல் பார்த்தால், அது நம்மை நெருங்குவதும், வளர்வதும், பிறையாவதும், சூரியனைக் கடந்து விடியற்காலைக்கு மாறுவதும் கண்ணெதிரே நடக்கும். ஒரு கோள் சூரியனைச் சுற்றுகிறது என்பதை யார் சொல்லியும் நம்பத் தேவையில்லாமல் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி கிடையாது.

வேண்டியது அதிகமில்லை. மேற்கும் கிழக்கும் தெரிகிற மொட்டைமாடி, ஒரு குறிப்பேடு, முடிந்தால் 10×50 பைனாகுலர். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் குறையில்லை.

முதலில் கணக்கு

வெள்ளி சூரியனிலிருந்து சுமார் 10.8 கோடி கி.மீ. தொலைவில், 225 நாளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. நாம் 15 கோடி கி.மீ. தொலைவில், 365 நாளில். உள்வட்டத்தில் வேகமாக ஓடும் வெள்ளி நம்மை ஒருமுறை முந்திவிட்டு, மறுபடி எட்டிப் பிடித்து முந்த 584 நாள் ஆகிறது. இந்த 584 நாள்தான் நம் கால அட்டவணை.

அதன் பாதை நம் பாதைக்கு உள்ளே இருப்பதால், நம் பார்வையில் வெள்ளி சூரியனைவிட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகவே முடியாது. கையை நேராக நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் வானத்தில் ஏறத்தாழ 20 பாகை. அதே கையை மூடிய முஷ்டி 10 பாகை. ஆக, சூரியனிலிருந்து இரண்டரைச் சாணுக்குள்தான் வெள்ளி எப்போதும் இருக்கும். நள்ளிரவில் உச்சிவானில் எது மின்னினாலும் அது வெள்ளி அல்ல. பெரும்பாலும் வியாழனாக இருக்கும்.

சுற்றின் போக்கு இதுதான். சூரியனுக்கு அந்தப் பக்கத்தில் மறைந்திருக்கும் வெள்ளி, மாலையில் மேற்கே தாழ்வாக எட்டிப் பார்க்கும். அடுத்த ஏழு மாதம் மெதுவாக உயரே ஏறும். அதிகபட்ச விலகலைத் தொட்டபின் பத்தே வாரத்தில் சரசரவென்று கீழே இறங்கி, நமக்கும் சூரியனுக்கும் நடுவே நுழையும். ஒரு வாரம் போலக் காணாமல் போய், கிழக்கே விடிவெள்ளியாக வரும். இந்த முறை பத்து வாரத்தில் மேலே ஏறி, ஏழு மாதம் நிதானமாக இறங்கி, மறுபடி சூரியனுக்குப் பின்னே சுமார் ஏழு வாரம் மறையும். பஞ்சாங்கத்தில் 'சுக்கிர மௌட்யம்' என்று குறிக்கிற நாட்கள் இந்த இரண்டு மறைவுகளைத்தான் சொல்கின்றன. ஆகவே எப்போது பார்க்க முடியாது என்று தெரிந்துகொள்ள வீட்டில் இருக்கும் பஞ்சாங்கமே போதும்.

கண்டுபிடித்தல்

மாலைப் பருவமென்றால், சூரியன் மறைந்து கால் மணி நேரத்துக்குப் பிறகு, அது மறைந்த இடத்துக்கு மேலே பாருங்கள். வானம் இன்னும் வெளிர்நீலமாக இருக்கும்போதே தெரிகிற ஒரே வெண்புள்ளி அதுவாக இருக்கும். விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் நமக்கு வெறும் புள்ளிகள். காற்றின் அலைவில் அந்தப் புள்ளி துடிக்கிறது. வெள்ளிக்குச் சிறிய வட்ட அளவு இருப்பதால் அந்தத் துடிப்பு தேய்ந்து, ஒளி நிலையாக நிற்கிறது. அடிவானத்துக்குப் பக்கத்தில், அடர்ந்த காற்று வழியே வரும்போது மட்டும் வெள்ளியும் நிறம் மாறி மினுக்கும். போலீசுக்கு 'பறக்கும் தட்டு' என்று போன் போவதெல்லாம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

பிரகாசத்தை வானியலில் ஓர் எண்ணால் சொல்கிறார்கள். எண் குறையக் குறைய ஒளி கூடும். மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ் -1.46. வெள்ளி ஏறத்தாழ -3.8 முதல் -4.9 வரை. உச்சத்தில் இருக்கும்போது சிரியஸைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் ஒளி.

இங்கே தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலக் குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. "இந்த முறை வெள்ளி மிகத் தாழ்வு, பார்ப்பது கடினம்" என்று அதில் இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லண்டனில் சில பருவங்களில் சூரியப் பாதை அடிவானத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். 45 பாகை விலகியிருந்தும் வெள்ளி ஒரு முஷ்டி உயரத்தில்தான் நிற்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியனும் அதைத் தொடரும் கோள்களும் இங்கே ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகின்றன. அதிகபட்ச விலகலின்போது, மோசமான பருவத்திலும் வெள்ளி சூரிய மறைவு நேரத்தில் மூன்று முஷ்டிக்குக் குறையாமல் உயர்ந்து நிற்கும்.

குறிப்பேடு

இதைத் தவிர்க்காதீர்கள். நினைவை நம்பினால் பாதிச் சுவை போய்விடும். ஒரே இடத்தில் நின்று, சூரியன் மறைந்து சரியாக 40 நிமிடம் கழித்து, வாரத்துக்கு இரண்டு முறை பாருங்கள். அடிவானத்தில் தெரியும் செல்போன் கோபுரம், தென்னை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் ஒரு பக்கத்தின் அடியில் வரைந்துகொள்ளுங்கள். வெள்ளி எத்தனை முஷ்டி உயரத்தில், எதற்கு மேலே இருக்கிறது என்று புள்ளி வைத்துப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். இரண்டு மாதத்தில் புள்ளிகள் சேர்ந்து ஒரு வளைவாகும்.

உயரம் மட்டுமல்ல, இறங்கும் இடமும் நகர்வதை அந்த வளைவு காட்டும். சில மாதங்கள் வடமேற்கே, சில மாதங்கள் தென்மேற்கே. சங்கப் பாடல்களில் வெள்ளி தெற்கே போவதை மழை பொய்ப்பதற்கான குறியாகச் சொல்லியிருக்கிறார்கள். மழைக்கும் வெள்ளிக்கும் தொடர்பில்லை. ஆனால் வெள்ளி வடக்கும் தெற்குமாக நகர்வதைக் கவனித்து வைத்திருந்தவர்கள் அவர்கள். உங்கள் குறிப்பேட்டில் விழும் புள்ளிகளும் அந்த நகர்வைத்தான் காட்டும்.

பிறையைப் பார்த்தல்

முழுச் சுற்றில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. மாலைப் பருவத்தின் தொடக்கத்தில் வெள்ளி நம்மிடமிருந்து 25 கோடி கி.மீ.க்கு மேல் தொலைவில் இருக்கிறது. தொலைநோக்கியில் சின்னஞ்சிறு முழுவட்டம். அதிகபட்ச விலகலில் பாதி நிலா வடிவம். பிறகு நெருங்க நெருங்க உருவம் பெரிதாகி, ஒளிபட்ட பகுதி மெலிந்துகொண்டே போகும். கடைசியில் நான்கு கோடி கி.மீ. வரை வரும்போது, தொடக்கத்தில் இருந்ததைப்போல ஆறு மடங்கு அகலமான மெல்லிய பிறை. வேறெந்தக் கோளும் பூமிக்கு இவ்வளவு பக்கத்தில் வருவதில்லை.

இதில் பலருக்கு வியப்பு தருவது, வெள்ளி மிகப் பிரகாசமாக இருப்பது முழுவட்டமாக இருக்கும்போது அல்ல, பிறையாக இருக்கும்போது என்பதுதான். நடுவே நுழைவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரம் முன்பும், நுழைந்து ஐந்து வாரம் பின்பும் உச்சப் பிரகாசம் வரும். அப்போது ஒளிபட்டிருப்பது வட்டத்தில் கால்பங்கு போலத்தான். ஆனால் நெருக்கம் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது.

பத்து மடங்கு பைனாகுலரில் பிறை தெரிவது இந்த ஐந்து வாரங்களில்தான். செய்முறை:

சூரியன் முழுதாக மறையும் வரை பைனாகுலரை எடுக்கவே வேண்டாம். சூரியன் ஒரு நொடி லென்சுக்குள் வந்தாலும் கண்பார்வை போய்விடும். குழந்தைகள் கையில் கொடுக்கும்போது இதில் சமரசமே கூடாது.

மறைந்த உடனே, வானம் வெளிச்சமாக இருக்கும்போதே பாருங்கள். இருட்டட்டும் என்று காத்திருப்பதுதான் எல்லோரும் செய்வது. இருட்டினால் வெள்ளியின் கூசும் ஒளி பரவி வடிவத்தை மறைத்துவிடும். வெளிர்நீலப் பின்னணியில் ஓரங்கள் கத்தரித்ததுபோல் தெரியும்.

கையில் பிடித்தால் நடுங்கும். டிரைபாடில் பொருத்துங்கள், இல்லையென்றால் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். தொலைவில் உள்ள கோபுர விளிம்பில் குவியத்தைச் சரிசெய்துவிட்டு வெள்ளிக்குத் திருப்புங்கள். முதலில் நீள்வட்டப் புள்ளிபோல் தெரியும். சில நொடி மூச்சடக்கிப் பார்த்தால் இரண்டு கூர்முனைகளும் பிரிந்து தெரியும்.

இதே காட்சியைத்தான் 1610-ன் கடைசி மாதங்களில் கலிலியோ தன் தொலைநோக்கியில் பார்த்தார். பூமியை நடுவில் வைத்த பண்டைய வானியலாளர் தாலமியின் அமைப்பில் வெள்ளி எப்போதும் நமக்கும் சூரியனுக்கும் இடையிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அப்படியானால் அது முழுவட்டமாகத் தெரிய வழியே இல்லை. கலிலியோ சிறிய முழுவட்டத்தையும் பார்த்தார், பெரிய பிறையையும் பார்த்தார். வெள்ளி சூரியனைச் சுற்றினால் மட்டுமே இரண்டும் ஒருசேரச் சாத்தியம்.

தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை. சரிபாதி வடிவம் எந்த நாளில் வருகிறது என்று நீங்களே முடிவுசெய்து எழுதுங்கள். மாலைப் பருவத்தில் அது கணக்கிட்ட நாளுக்குச் சில நாட்கள் முன்பாகவே வந்துவிடும். விடியற்காலைப் பருவத்தில் சில நாட்கள் தள்ளிப்போகும். 1790-களில் ஜெர்மானியரான ஷ்ரோட்டர் கவனித்த விளைவு இது. ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில் வெள்ளியின் வளிமண்டலம் மங்கலாக இருப்பதால், அந்த விளிம்பு நம் கண்ணுக்கு இருளோடு சேர்ந்துவிடுகிறது. மேற்பரப்பில் மலை, கடல் என்று எதையும் தேடாதீர்கள். வெள்ளை மட்டும்தான்.

பட்டப்பகலில்

பகல் வானத்தில் வெள்ளி வெறும் கண்ணுக்குத் தெரியும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாததால்தான் நாம் பார்ப்பதில்லை.

எளிய வழி விடியற்காலைப் பருவத்தில். இருட்டில் விடிவெள்ளியைப் பிடித்துக்கொண்டு, சூரியன் உதித்த பின்னும் விடாமல் தொடர்வது. சூரியனைச் சுவர் மறைக்கிற இடமாக நின்றுகொள்ளுங்கள். வெள்ளியைத் தண்ணீர்த் தொட்டியின் மூலைக்கோ, கம்பிக்கோ நேராக வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். மணிக்கு ஒன்றரை முஷ்டி நகரும் என்பதை மறக்காமல் தலையை மாற்றிக்கொண்டே வந்தால், வெயில் ஏறிய பிறகும் நூல்முனைபோல ஒரு வெண்புள்ளி அங்கேயே இருக்கும்.

மாலைப் பருவத்தில் வேறு வழி. அதிகபட்ச விலகலை ஒட்டிய வாரங்களில் வெள்ளி தென்வடல் கோட்டை (தெற்கிலிருந்து வடக்காகத் தலைக்கு மேலே போகும் கற்பனைக் கோடு) தாண்டுவது பிற்பகல் மூன்று மணியைச் சுற்றி. ஒரு கட்டடத்தின் கிழக்குப் பக்கத்து நிழலில் நின்றால், மேற்கே சாய்ந்த சூரியன் மறைந்திருக்கும். ஸ்டெல்லேரியம் போன்ற செயலியில் அந்த நேரத்துக்கான உயரத்தையும் திசையையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் நீலத்தைப் பார்க்கும்போது கண் பக்கத்திலேயே குவிந்துவிடும். அதனால் முதலில் தொலைவில் உள்ள மேக விளிம்பைப் பார்த்துவிட்டுப் பிறகு தேடுங்கள். பிறைநிலா வெள்ளிக்குப் பக்கத்தில் வருகிற நாளென்றால் இன்னும் சுலபம்: நிலாவைப் பிடித்தால் வெள்ளி தானாகவே கிடைக்கும். மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் இதற்கு மிகப் பொருத்தம்.

நகர வெளிச்சம் இல்லாத ஊரில், நிலா இல்லாத இரவில், உச்சப் பிரகாச நாட்களில் வெள்ளி நிழல்கூட விழச்செய்யும். வெள்ளைத் தாளுக்கு முன் கையை அசைத்துப் பாருங்கள். அசைவில்தான் நிழல் கண்ணுக்குப் பிடிபடும்.

அந்த வெண்மைக்குக் கீழே

நாம் இங்கிருந்து பார்ப்பது வெள்ளியின் தரையை அல்ல, அதன் மேகத்தின் மேற்புறத்தை. கந்தக அமிலத் துளிகளாலான அந்த மேகம் கோளை இடைவெளியே இல்லாமல் மூடியிருக்கிறது. விழுகிற வெயிலில் முக்கால் பங்கை அப்படியே திருப்பி அனுப்புகிறது. வெள்ளி நம் வானில் இப்படி ஒளிர்வதற்குக் காரணம் அதுதான்.

இவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிற கோள் குளிர்ச்சியாகத்தானே இருக்க வேண்டும்? சூரியனுக்கு நெருக்கமாக இருப்பதால் நம்மைவிட ஏறத்தாழ இருமடங்கு வெயில் வெள்ளிக்கு வருகிறது. ஆனால் உள்ளே ஏற்றுக்கொள்வது பூமி ஏற்பதைவிடக் குறைவு. அப்படியும் தரையில் ஏறத்தாழ 465 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகி ஓடும் வெப்பம். இன்னும் நெருக்கத்தில் இருக்கும் புதனைவிடச் சூடு. காரணம், வளிமண்டலத்தில் 96.5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. தரையிலிருந்து எழும் வெப்பம் அந்தப் போர்வையைத் தாண்டி வெளியேற முடிவதில்லை. காற்றழுத்தம் பூமியில் உள்ளதைப்போல 92 மடங்கு. நம் கடலில் 900 மீட்டருக்கு மேல் ஆழத்தில் இருக்கும் அழுத்தம். பூமியிலும் கார்பன் நிறையவே இருக்கிறது. ஆனால் இங்கே கடலும் மழையும் அதைச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றி நிலத்துக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. வெள்ளியில் அதைப் பூட்டத் தண்ணீர் மிஞ்சவில்லை.

அளவில் இரண்டும் உடன்பிறந்தவை போலத்தான்: வெள்ளியின் விட்டம் 12,104 கி.மீ., பூமியின் நிலநடுக்கோட்டு விட்டம் 12,756 கி.மீ. சுழற்சியில்தான் முழு மாறுபாடு. வெள்ளி எதிர்த்திசையில், 243 நாளுக்கு ஒருமுறை சுழல்கிறது. அங்கே சூரியன் மேற்கே உதிக்கும்; ஓர் உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் நம் கணக்கில் 117 நாள். தரை இப்படி ஊர்ந்துகொண்டிருக்க, மேகத்தின் மேலடுக்கு நாலே நாளில் கோளைச் சுற்றி வந்துவிடுகிறது. அந்தக் காற்றுக்கு இவ்வளவு வேகம் எப்படி நிலைக்கிறது என்பதை ஆராயவே ஜப்பானின் அகாட்சுகி விண்கலம் 2015 முதல் பல ஆண்டுகள் அங்கே சுற்றியது.

வேறொரு கோளை அணுகித் தகவல் அனுப்பிய முதல் விண்கலம் சென்றதும் வெள்ளிக்குத்தான்: 1962 டிசம்பர் 14, மரினர் 2. தரையிறங்கி அங்கிருந்து பேசியது சோவியத்தின் வெனேரா 7, 1970-ல். 1982 மார்ச் 1-ல் இறங்கிய வெனேரா 13-ஐ 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று கட்டியிருந்தார்கள். அது 127 நிமிடம் உழைத்து, தட்டையான பாறைப் படலங்களின் வண்ணப் படங்களை அனுப்பியது. பிறகு மகெல்லன் விண்கலம் 1990-களில் ரேடார் மூலம் மேகத்தை ஊடுருவி ஏறக்குறைய முழுக்கோளையும் வரைந்தது. 1991-ல் எடுத்த அந்தப் படங்களை 2023-ல் ஒப்பிட்டபோது, மாட் மோன்ஸ் எரிமலைப் பகுதியில் ஒரு வாய் எட்டு மாத இடைவெளியில் வடிவம் மாறியிருந்தது தெரிந்தது. வெள்ளி இன்னும் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறது.

இஸ்ரோவின் வெள்ளிச் சுற்றுக்கலத் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது; மதிப்பீடு 1,236 கோடி ரூபாய், ஏவுவதற்கான இலக்கு 2028 மார்ச்.

புதுச்சேரியில் ஒரு காத்திருப்பு

நடுவே நுழையும்போது வெள்ளி பெரும்பாலும் சூரியனுக்குச் சற்று மேலோ கீழோ விலகிப் போய்விடும், ஏனென்றால் அதன் பாதை நம் பாதைக்கு 3.4 பாகை சாய்ந்திருக்கிறது. எப்போதாவது நேர்க்கோட்டில் வந்தால் சூரிய வட்டத்தின் மேல் கரும்புள்ளியாக ஊர்ந்து போகும். இதைப் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்று ஆங்கில வானியலாளர் ஹாலி சொல்லி வைத்திருந்தார். 1761-ல் வரவிருந்ததை அப்படி அளப்பதற்காக 1760-ல் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டி. வழியிலேயே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலில் நின்று பார்த்த அளவு எதற்கும் உதவவில்லை. எட்டு வருடத்தில் மறுபடி வரும் என்பதால் அவர் ஊர் திரும்பவில்லை. 1768-ல் புதுச்சேரி வந்து ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கே தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்றுக் குறித்துவைத்தார். 1769 ஜூன் 4 விடியலில், சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது; எல்லாம் முடிந்தபின் வெயில் அடித்தது. 1771-ல் பிரான்ஸ் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகவே முடிவுகட்டியிருந்தார்கள்.

2004 ஜூன் 8, 2012 ஜூன் 6 நிகழ்வுகளைப் பார்த்தவர்கள் பேறுபெற்றவர்கள். அடுத்தது 2117 டிசம்பரில்.

தேதிகள்

2026 ஆகஸ்ட் 15: மாலையில் அதிகபட்ச விலகல். செப்டம்பர் பிற்பாதியில் உச்சப் பிரகாசம். அதிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை பைனாகுலர் பிறை. அக்டோபர் 24-ல் வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நடுவே. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் என்பதால் செப்டம்பர் மாலைகளைக் கைவிடாதீர்கள். நவம்பரில் விடியற்காலைப் பருவம் தொடங்கி, 2027 ஜனவரி 3-ல் அதிகபட்ச விலகல். மார்கழிக் காலையில் கோலம் போட எழுபவர்கள் அனைவருக்கும் தென்கிழக்கே உயரத்தில் தெரியும். 2027 ஆகஸ்ட் 12-ல் சூரியனுக்கு அந்தப் பக்கம் மறையும்.

வெள்ளியின் ஐந்து சுற்று ஏறத்தாழ சரியாக எட்டு ஆண்டு. இரண்டரை நாள் போலத்தான் குறையும். அதனால் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே தேதியை ஒட்டி அதே விண்மீன்களிடையே வெள்ளி திரும்பி வரும். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அது கார்த்திகைக் கூட்டத்துக்குள் நுழைந்து சென்றது. 2028 ஏப்ரல் 3-ஐ ஒட்டி மறுபடி நுழையும். கோடை வானம் தெளிவாக இருக்கும், மேற்கே நல்ல உயரத்தில் நடக்கும். மார்ச் 25-லிருந்தே தினமும் பாருங்கள். வெள்ளி நாளொன்றுக்கு ஒரு பாகை போல கார்த்திகையை நோக்கி நகர்வதைக் குறிப்பேட்டில் வரைந்துகொள்ளுங்கள். படமெடுக்க டிரைபாடில் கேமராவை வைத்து, இரண்டு மூன்று நொடிக்கு மேல் திறந்து வைக்காமல் எடுத்தால் விண்மீன்கள் அதிகம் கோடாக இழுபடாது. அது முடிந்ததும் பைனாகுலரைத் தயாராக வையுங்கள்: ஏப்ரல் கடைசி முதல் மே கடைசி வாரம் வரை பிறை மெலியும், ஜூன் 1-ல் வெள்ளி நம்மை முந்தும்.